நான்கு கடைகளில் தேடிய பாஸ்போர்ட்

பர் துபாயில் கிரீக் என்ற கடற்கழியை ஒட்டிய துணிக்கடைத் தெருவில் ஓர் அரபு வியாபாரியிடம் நான் கடிதம் எழுதும் வேலையில் இருந்தேன். எழுபதுகளின் நடுப்பகுதி. ஜப்பான் பாலியெஸ்டர் துணி கப்பல் கப்பலாக வந்து இறங்கிக்கொண்டிருந்தது. ஆலைகளுக்கு இங்கிலீஷில் கடிதம் டைப் அடிப்பதும், வரும் பதிலைப் படித்து முதலாளிக்கு இந்தியில் சொல்வதும்தான் என் டூட்டி. முதலாளியை நாங்கள் அர்பாப் என்று கூப்பிடுவோம். என் கஃபீலும் அவர்தான். என் விசா அவர் பொறுப்பில் இருந்தது. அறுபது வயது இருக்கும். இளவயதில் பம்பாய்க்குப் படகில் போய்வந்த நாட்களில் இந்தி கற்றிருந்தார். என் இந்தி கடையில் நின்று கற்றது. இரண்டு பேரும் அந்த மொழியில் சமாளித்துவந்தோம்.

நான் துபாயில் இறங்கிய அன்றே அவர் என் பாஸ்போர்ட்டை வாங்கி, பின்னறை இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டார். கடையில் வேலை செய்த ஏழு பேருடையதும் அங்கேதான் இருந்தன. லீவில் ஊருக்குப் போகும்போது கைக்கு வரும். திரும்பி வந்ததும் பெட்டிக்குள் போய்விடும். அதை யாரும் பெரிதாகப் பேசியதில்லை.

நான்காவது வருஷம் அவர் ஜப்பானுக்குப் போய் ஆலைக்காரர்களை நேரில் பார்ப்பது என்று முடிவு செய்தார். இங்கிலீஷ் பேச ஆள் வேண்டும். என்னைக் கூட்டிப்போகிறேன் என்றார். அதோடு இன்னொன்றும் சொன்னார்: "ஜப்பான் வேலை நல்லபடியா முடியட்டும். வந்ததும் உன் சம்சாரத்துக்கும் புள்ளைக்கும் விசா எடுத்துத் தர்றேன்."

திருச்சியில் இருந்த மனைவிக்கு அன்றே கடிதம் போட்டேன். என் பையனுக்கு அப்போது இரண்டு வயது. நான் அவனைப் பார்த்திருந்தது மொத்தம் நாற்பது நாள்.

கிளம்புகிற அன்று ஏர்போர்ட்டில் அர்பாப் தன் பாஸ்போர்ட்டையும் என்னுடையதையும் ஒரு ரப்பர் பேண்டில் சுற்றி என்னிடம் கொடுத்தார். "கவுண்டர்ல பேசப்போறது நீதானே. நீயே வெச்சுக்கோ."

வழியனுப்ப வந்திருந்த என் ரூம்காரர், ராமநாதபுரத்துக்காரர், இதைப் பார்த்துவிட்டுக் காதோரம் வந்து சொன்னார்: "பார்த்துக்கங்க சார். உங்களுது தொலைஞ்சா உங்க பாடு. அவருது தொலைஞ்சா நம்ம எல்லார் பாடும்."

விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் அன்றிலிருந்து தோளில் மாட்டியிருந்த ரெக்ஸின் பையைத் தொட்டுப் பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. டிக்கெட்டுகள் உள்ளறையில் இருந்தன. பாஸ்போர்ட் இரண்டும் பட்டன் வைத்த வெளியறையில். ஹோட்டலில் தூங்கும்போதுகூடப் பையின் வாரைக் கையில் சுற்றிக்கொண்டேன்.

நகோயாவில் வேலை நினைத்ததைவிடச் சீக்கிரம் முடிந்தது. இரண்டு நாள் கழித்து மாலையில்தான் டோக்கியோவில் விமானம். இடையில் ஒரு நாள் சும்மா இருந்தது. எங்களோடு சுற்றிக்கொண்டிருந்த ஆலை அதிகாரி கண்ணாடி போட்ட, மெதுவாகப் பேசுகிற மனிதர். ரயிலில் மூன்று மணி நேரம் போனால் ஒரு பழைய மலை ஊர் இருக்கிறது, அங்கே கையால் சாமான் செய்து விற்கும் கடைகள் உண்டு, பார்க்கிறீர்களா என்று கேட்டார். நான் சொன்னதும் அர்பாப் உடனே எழுந்துவிட்டார். "துணி மட்டும் எத்தனை நாள் விக்கறது? யல்லா, போகலாம்."

மார்ச் மாதம். ஊரைச் சுற்றி மலைகளில் பனி அப்படியே இருந்தது. தெருவில் அங்கங்கே கரைந்து கிடந்தது. இரண்டு பக்கமும் கறுத்த மரத்தால் கட்டிய தாழ்வான வீடுகள், வாசலில் மரக் கம்பிச் சட்டங்கள். தெருவோரம் முழங்கால் ஆழத்துக்கு ஒரு வாய்க்கால். பனி உருகிய தண்ணீர் அதில் சத்தத்தோடு ஓடியது. வீட்டுக்கு வீடு அதன் மேல் பலகை போட்டிருந்தார்கள். வெள்ளைக் கந்தூரா அங்கிக்கு மேல் நீளமான கறுப்புக் கம்பளிக் கோட்டும் தலையில் கட்டிய துணியுமாக அர்பாப் நடந்துபோக, ஒவ்வொரு வாசலிலும் யாராவது வந்து நின்று குனிந்து வணங்கினார்கள். அவரும் நெஞ்சில் கை வைத்து ஸலாம் சொன்னார். எனக்குத் தெரிந்து அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்த நாள் வேறில்லை.

முதலில் அரக்குச் சாமான் கடை. தேன் நிறத்தில் பளபளக்கும் தட்டுகள். பூச்சுக்கு அடியில் மரத்தின் ரேகைகள் ஈரமாக இருப்பதுபோல் தெரிந்தன. அடுத்தது மரச் சிற்பக் கடை. சிவந்த மரத்தில் ஆமையும் தவளையும் செதுக்கிக்கொண்டிருந்தார் ஒருவர். வர்ணம் எதுவும் பூசுவதில்லை, நாள்பட நாள்பட மரமே நிறம் மாறும் என்று அதிகாரி விளக்கினார். மூன்றாவது மெழுகுவர்த்திக் கடை. கணவனும் மனைவியும் நடத்துவது. கணவர் பாயில் உட்கார்ந்து, குச்சிகளில் கோத்த திரிகளை உருட்டி உருட்டி, உருகிய மெழுகை வெறும் உள்ளங்கையால் தடவிக்கொண்டிருந்தார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி, நான் வெகுநேரம் அதையே பார்த்தேன். அந்தக் கை சுடாதா என்பதுதான் என் யோசனை. கடைசியாக மரக் கரண்டிகள் செய்யும் கிழவரின் கடை.

எல்லாக் கடையிலும் அர்பாப் "எழுதிக்கோ" என்றார். என்ன மரம், எத்தனை நாளில் செய்வார்கள், உடையுமா, துபாய் வெயிலுக்கு வெடிக்குமா. நானும் ஒவ்வொரு முறையும் பையைத் திறந்து நோட்டும் பேனாவும் எடுத்தேன், எழுதினேன், வைத்தேன்.

ஒரு மணிக்குச் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தோம். அர்பாப்புக்குச் சோறும் முட்டையும், எனக்குச் சோறும் காய்கறி ஊறுகாயும். திரும்பும் ரயில் நான்கு மணிக்கு. பழக்கத்தில் கை பைக்குப் போனது. வெளியறை தட்டையாக இருந்தது. பட்டன் திறந்து தொங்கியது.

உள்ளே கையை விட்டேன். காலி.

உள்ளறையில் டிக்கெட்டுகள் இருந்தன. நோட்டு இருந்தது. மேஜைக்கு அடியில் பையைக் கவிழ்த்து மடியில் கொட்டிப் பார்த்தேன். அர்பாப் நிதானமாக முட்டையைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அதிகாரி அவருக்கு டீ ஊற்றிக்கொண்டிருந்தார்.

அந்த நிமிஷம் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். என்னால் முடியவில்லை. விசா தருகிறேன் என்ற அவருடைய வார்த்தைதான் முதலில் ஞாபகம் வந்தது. அப்புறம் ரூம்காரரின் பேச்சு. தன் ஊரில் எல்லோரும் எழுந்து நின்று மரியாதை செய்கிற மனிதர், என்னால் டோக்கியோவில் ஏதோ ஓர் ஆபீஸ் வரிசையில் நிற்கப்போகிறார். அதிகாரியிடம் சொல்லலாம் என்றால், அவர் ஒரு நொடிகூட மறைக்கமாட்டார். எழுந்து சத்தமாக மன்னிப்புக் கேட்பார்.

"அர்பாப், சம்சாரத்துக்கு ஒரு சீப்பு வாங்கணும். அந்தத் தெருவுலயே பார்த்தேன். பத்து நிமிஷத்துல வந்துடறேன்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "சாப்பிடலையே நீ."

"பசிக்கல."

"போ," என்றார்.

தெருமுனை திரும்பும்வரை நடந்தேன். அப்புறம் ஓடினேன். கரண்டிக் கடைக் கிழவர் மரச் சீவல்களுக்கு நடுவில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "பாஸ்போர்ட், பாஸ்போர்ட்" என்றேன். புரியவில்லை. நோட்டை எடுத்து இரண்டு சின்னப் புத்தகங்களாக வரைந்து காட்டி, கையை விரித்து இல்லை என்றேன். அவர் சாப்பாட்டை ஒதுக்கிவைத்துவிட்டு, சீவல் குவியலை இரண்டு கையாலும் அள்ளி அள்ளித் தேட ஆரம்பித்தார். நானும் முட்டிபோட்டுத் தேடினேன். கரண்டிகளும் சீவலும் தவிர அங்கே ஒன்றும் இல்லை.

அடுத்து மெழுகுவர்த்திக் கடை. அந்த அம்மாவுக்கு ஐம்பது வயது இருக்கும். என் படத்தைப் பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டார். பாயைத் தூக்கி உதறினார், பெட்டிகளை நகர்த்தினார். பின்னாலிருந்து கணவர் ஏதோ சொல்லித் தன் நெஞ்சில் இரண்டு முறை தட்டிக் காட்டினார். கோட்டுப் பையைப் பார்த்தாயா என்று கேட்கிறார் என நினைத்து, என் கோட்டுப் பைகளை வெளியே இழுத்துக் காட்டினேன். அவர் இல்லையென்று தலையை ஆட்டிவிட்டு மறுபடியும் நெஞ்சில் தட்டினார். கையெல்லாம் மெழுகு, எழுந்து வரவும் முடியவில்லை. அவரோடு நிற்க எனக்கு நேரமில்லை.

அந்த அம்மா பதற்றத்தில் கணவர் சொன்னதைக் காதில் வாங்காமல், கடையின் முன்திரையை இறக்கிவிட்டு என்னோடு கிளம்பிவிட்டார். மரச் செருப்பு தடதடக்க எனக்கு முன்னால் ஓடினார். சிற்பக் கடையில் அவரே பேசினார். சிற்பி உளியை வைத்துவிட்டு அலமாரி அலமாரியாகப் பார்த்தார். அரக்குக் கடையில் ஒவ்வொரு தட்டையும் தூக்கிப் பார்த்தார்கள். காலையில் நான் தொடவே பயந்த தட்டுகள். இப்போது ஒன்று கீழே விழுந்திருந்தாலும் திரும்பிப் பார்த்திருக்கமாட்டேன். அங்கேயும் இல்லை.

மணி இரண்டரை. அந்த அம்மா என் சட்டைக் கையைப் பிடித்து ஒரு சின்ன போலீஸ் சாவடிக்கு இழுத்துப்போனார். இளம் போலீஸ்காரர். என்னை உட்காரவைத்து ஒரு தாளை எடுத்து நிதானமாக எழுத ஆரம்பித்தார். பெயர், நாடு. "இந்தியா" என்றேன். முகவரி என்று அவர் சைகை செய்தபோது "துபாய்" என்றேன். அவர் சுவரில் இருந்த உலகப் படத்துக்கு அருகே போய் விரலால் தேடினார். கிடைக்கவில்லை. நான் எழுந்து போய்க் காட்டினேன். அந்தப் படத்தில் துபாய் என்ற பெயரே இல்லை. வளைகுடாவின் ஓரத்தில் கடல் நீலத்தில் என் விரலை வைத்தேன். அவர் என்னையும் விரலையும் மாறி மாறிப் பார்த்தார். என் நாடு எது, நான் எங்கே இருக்கிறேன், எதற்கு இங்கே வந்தேன் என்பதற்கு என்னிடம் ஒரு தாள்கூட இல்லை என்பது அப்போதுதான் முழுசாக உறைத்தது. அந்த அம்மா ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தார்.

இனி மறைக்க வழியில்லை. சாப்பாட்டுக் கடைக்குத் திரும்பி நடந்தேன். வாய்க்கால் பக்கம் கை காட்டி அந்த அம்மா ஏதோ சொன்னார். நான் சரியாகக் கவனிக்கவில்லை.

கடை வாசலில் அதிகாரி நின்றிருந்தார். "எங்கே போனீர்கள்? பெரியவர் மூன்று முறை எழுந்து வந்து தெருவைப் பார்த்தார். என்னிடம் ஏதோ கேட்டார். எனக்கு அவர் மொழி புரியவில்லை. அவருக்கு என்னுடையது புரியவில்லை."

அர்பாப் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார். முன்னால் டீ ஆறிப்போயிருந்தது.

"சீப்பு கிடைச்சுதா?"

நின்றபடியே சொன்னேன். "அர்பாப், பாஸ்போர்ட் ரெண்டும் காணோம். எல்லாக் கடையிலும் தேடிட்டேன். போலீஸ்லயும் சொல்லிட்டேன். என் தப்புதான்."

அவர் நான் முடிக்கும்வரை காத்திருந்தார். பிறகு கம்பளிக் கோட்டின் உள்ளே கைவிட்டு, ரப்பர் பேண்டோடு இரண்டையும் எடுத்து மேஜையில் வைத்தார்.

"கலாஸ், போதும். இங்க இருக்கு."

மெழுகுக்காரர் நெஞ்சில் தட்டியது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவர் என் கோட்டைச் சொல்லவில்லை.

நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். பிறகு கேட்டேன். "எப்போ எடுத்தீங்க?"

"மெழுகுக் கடையில. பையைப் பாய்ல போட்டுட்டு நீ அந்த ஆள் கையையே பார்த்துக்கிட்டிருந்தே. பட்டன் திறந்திருந்தது. யார் வேணும்னாலும் எடுத்திருக்கலாம்."

"சொல்லியிருக்கலாமே அர்பாப்."

"நீ சொல்லியிருக்கலாமே. சீப்பு வாங்கணும்னு சொன்னே."

அவர் டீக் கிண்ணத்தைத் திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டிருந்தார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "என் மச்சானோட ஆள் ஒருத்தன், கேரளாக்காரன், நல்ல பையன். போன வருஷம் மச்சான் அவனைப் பாங்காக்குக்குக் கூட்டிட்டுப் போனான். பாஸ்போர்ட் அந்தப் பையன் கையில இருந்தது. திரும்பி வரல. வெளியூர்ல மனுஷனுக்கு என்ன தோணும்னு யாருக்குத் தெரியும்?"

"நான் போவேன்னு நினைச்சீங்களா?"

"நினைக்கல," என்றார். பிறகு, "நீ சாப்பிடாம எழுந்து போன வேகத்தைப் பார்த்ததும் நினைச்சேன். பாஸ்போர்ட் என்கிட்டதான் இருக்கு. ஆனா நீ வரலைன்னா நான் இங்கே தண்ணி கேக்கக்கூட முடியாது," என்றார்.

என்னைப்போல அவரும் பயந்துபோயிருந்தார். அதனால் என் கோபம் குறைந்தது என்று சொன்னால் பொய். எனக்குக் கோபம் வந்ததே அப்போதுதான். நான்கு வருஷம் அவருடைய ஒவ்வொரு கடிதத்தையும் நான்தான் எழுதினேன். என்ன எழுதினேன் என்று தெரியாமலே அவர் கையெழுத்துப் போட்டார். அதில் வராத சந்தேகம் இதில் வந்திருக்கிறது. ஆனால் வாயைத் திறக்கவில்லை. விசா.

அதிகாரியிடம் கிடைத்துவிட்டது என்று மட்டும் சொன்னேன். அவர் உடனே போலீஸ் சாவடிக்குப் போன் செய்தார். ஸ்டேஷனுக்குப் போகும் வழியில் மெழுகுவர்த்திக் கடைக்குப் போகலாம் என்று நானே கேட்டுக்கொண்டேன். கடை திரை இறங்கியே இருந்தது.

அந்த அம்மாவைத் தெருவின் நடுப்பகுதியில் பார்த்தோம். வாய்க்கால் மேலிருந்த பலகைகளை ஒவ்வொன்றாகத் தூக்கி நிறுத்தி, மூங்கில் கொம்பால் தண்ணீருக்குள் துழாவிக்கொண்டிருந்தார். கரண்டிக் கடைக் கிழவர் மறுபக்கம் குனிந்திருந்தார். பனித் தண்ணீரில் அந்த அம்மாவின் இரண்டு கைகளும் முழங்கை வரை சிவந்திருந்தன.

"கிடைத்துவிட்டது என்று சொல்லுங்கள்," என்றேன் அதிகாரியிடம்.

அவர் சொன்னார். அந்த அம்மா கொம்பைப் போட்டுவிட்டுக் கை தட்டிச் சிரித்தார். பிறகு ஏதோ கேட்டார்.

"எங்கே இருந்தது என்று கேட்கிறார்."

அர்பாப் எனக்குப் பின்னால் நின்றிருந்தார். அவருக்கு ஒரு வார்த்தையும் புரியாது. நான் என்ன சொன்னாலும் தெரியப்போவதில்லை. உண்மையைச் சொல்ல நாக்கு வரை வந்தது. ஆனால் அந்தச் சிவந்த கைகளைப் பார்த்துக்கொண்டு, காரணமே இல்லாமல் நீங்கள் பனித் தண்ணீரில் துழாவினீர்கள் என்று எப்படிச் சொல்வது?

"என் கோட்டிலேயே இருந்தது. சரியாகப் பார்க்கவில்லை. மன்னிக்கச் சொல்லுங்கள்."

அவர் இன்னும் அதிகமாகச் சிரித்தார். கிழவரும் சிரித்தார். நான் அந்த ஊர்க்காரர்களைப்போல இடுப்புவரை குனிந்தேன். நிமிர்ந்தபோது அர்பாப் முன்னால் வந்திருந்தார். அவர் அந்த அம்மாவின் ஈரக் கைகளைப் பார்த்தார், திறந்து கிடந்த பலகைகளைப் பார்த்தார். கோட்டின் கையை மடித்துவிட்டுக்கொண்டு குனிந்து, ஒரு பலகையைத் தூக்கி அதன் இடத்தில் வைத்தார். பிறகு அடுத்ததை. அதிகாரி பதறி ஓடினார். ஐந்து பேருமாக எல்லாப் பலகைகளையும் போட்டு முடித்தோம். ரயிலுக்குப் பத்து நிமிஷம்தான் இருந்தது.

இரவு நகோயா திரும்பி, மறுநாள் டோக்கியோ போனோம். டோக்கியோ ஏர்போர்ட்டில் கவுண்டருக்கு முன்னால் பாஸ்போர்ட்டுகளை என்னிடம் கொடுத்தார். முத்திரை விழுந்ததும் கையை நீட்டினார். கொடுத்தேன். துபாயிலும் அப்படியே.

சொன்ன வார்த்தையை அவர் காப்பாற்றினார். மூன்றாவது மாதம் விசா வந்தது. மனைவியும் பையனும் வந்து இறங்கிய அன்று, நான் எதிர்பார்க்கவே இல்லை, அர்பாப்பே காரை எடுத்துக்கொண்டு ஏர்போர்ட்டுக்கு வந்திருந்தார். பையனைத் தூக்கிக் கன்னத்தில் முத்தம் கொடுத்தார். மனைவியிடம், "வழியில கஷ்டம் இல்லையே மகளே?" என்று இந்தியில் விசாரித்தார். அப்புறம் இயல்பாக, ரொம்ப இயல்பாக, அவளிடம் கையை நீட்டினார். "பாஸ்போர்ட்."

பையனின் பெயரும் அவள் பாஸ்போர்ட்டில்தான் இருந்தது. அவள் என்னைப் பார்த்தாள். கைப்பையைத் திறக்கப்போனாள்.

"அது எங்ககிட்ட இருக்கட்டும் அர்பாப்," என்றேன்.

குரல் எனக்கே வேறு யாருடையதோபோலக் கேட்டது. நீட்டிய கை அப்படியே இருந்தது. சுற்றிலும் பெட்டி சுமக்கிறவர்களின் சத்தம். அவர் என்னையே பார்த்தார். வந்த விமானத்திலேயே இவர்களைத் திருப்பி அனுப்பச் சொல்வாரோ என்றுகூட நினைத்தேன்.

"அச்சா," என்றார் கடைசியில். கையை மடக்கிக்கொண்டு பையனின் தலையைத் தடவினார்.

என்னுடையது வேலையை விட்டு வரும்வரை இரும்புப் பெட்டியில்தான் இருந்தது. அவளுடையதை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுத் துணி அலமாரியில் புடவைகளுக்கு அடியில் வைத்தாள். முதல் ஒரு வருஷம், அவள் சமையலறையில் இருக்கிற நேரமாகப் பார்த்து, டூட்டிக்குக் கிளம்பும் முன் தினமும் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் படியிறங்குவேன்.